பின்னட்டையிலிருந்து எழுதப்பட்ட பிள்ளைகள்

பிறப்பு இறப்புப் பதிவறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள், ஒரு பக்கம் போதும் என்று திருப்பதியிலிருந்து போன் செய்தார்கள். ஒரு பக்கத்தில் அடங்குகிறவளாக இருந்திருந்தால் சர்வீஸில் நான் இத்தனை மெமோ வாங்கியிருக்க மாட்டேன். ஆகவே உட்கார்ந்து படியுங்கள். தமிழ் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குத் தெலுங்கில் சொல்லுங்கள். எப்படித் தேடுவது, எந்த அலமாரியில் எது இருக்கிறது என்பதையெல்லாம் உங்கள் சூப்பரின்டெண்ட் சொல்லிக் கொடுப்பார். நான் சொல்லப் போவது வேறு.

நம் வேலையிலேயே சுலபமான வேலை, “பதிவு ஏதும் கிடைக்கவில்லை” என்று எழுதிக் கொடுப்பதுதான். அதற்கு அச்சடித்த படிவமே இருக்கிறது. பெயர், ஊர், தேதி மூன்றையும் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கி ஒரு குத்து குத்தினால் வந்தவர் போய்விடுவார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். சித்தூர் அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கும் மேலாக அந்தப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் ஒன்றைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

குடும்ப வரலாறு தேடி வருகிறவர்களை இதற்குள் பார்த்திருப்பீர்கள். கொள்ளுத்தாத்தா எந்த ஊர், பூர்வீகச் சொத்து எங்கே, எத்தனை தலைமுறை என்று கேட்டு வருகிறவர்கள் சத்தமாகக் கேட்பார்கள். நமக்கே வேலை சொல்லித் தருவார்கள். இறந்தே பிறந்த குழந்தையைத் தேடி வருகிறவர்கள் அப்படி வர மாட்டார்கள். ஓரமாக நின்று, கூட்டம் குறையட்டும் என்று காத்திருப்பார்கள். “ஒரு பழைய விஷயம்” என்று ஆரம்பிப்பார்கள். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வந்திருப்பார்கள். அப்படி ஒருவர் உங்கள் மேஜை முன்னால் வந்து நின்றால், கையில் இருக்கும் வேலையைக் கீழே வையுங்கள். நான் வைக்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் கூட ஆகவில்லை. நகரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நெசவு வேலை. அவள் பெயரைச் சொல்ல மாட்டேன், சரோஜா என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருக்கலாம். அவள் கணவர் இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்திலேயே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. அது ஏன் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

“ஏம்மா, ஒண்ணு பாத்துச் சொல்லணும்,” என்றாள்.

“எந்தப் பதிவு?”

“எனக்கு மொதல்ல ஒண்ணு பொறந்துது, புத்தூரு ஆஸ்பத்திரில. உசுரு இல்ல. அது ஆணா பொண்ணான்னு தெர்ல. யாரக் கேட்டாலும் சொல்ல மாட்டேங்கிறாங்க.”

புத்தூருக்கு எலும்பு முறிந்தவர்கள் எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி, தைரியமாக வீட்டுக்குப் போவார்கள். இவள் அதே ஊருக்குப் பிரசவத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவள். அதற்கு அங்கே யாரும் கட்டுப் போடவில்லை.

“உங்க வீட்டுக்காரரக் கேளுங்களேன்,” என்றேன்.

“அவரு பாக்கலையாம். துணில சுத்திக் குட்த்தாங்களாம், அப்டியே எடுத்துக்கினு போயி பொதச்சிட்டாராம். எங்கன்னும் சொல்ல மாட்டேங்கிறாரு.”

அந்தப் பக்கத்து வழக்கம் அதுதான். இறந்து பிறந்த பிள்ளையைத் தாய்க்குக் காட்ட மாட்டார்கள். பெயர் கிடையாது, சடங்கு கிடையாது. ஆணா பெண்ணா என்று சொன்னால் மனசு அதையே பிடித்துக்கொள்ளும், அடுத்த பிள்ளை தங்காது என்று பயம். நல்லதுக்குத்தான் செய்கிறோம் என்று எல்லாரும் சேர்ந்து வாயை மூடிக்கொள்வார்கள். எனக்கு அந்த நல்லதுமேல் இன்றுவரை கோபம்தான்.

புத்தூர்ப் பக்கத்துப் பழைய புத்தகங்கள் அப்போது எங்கள் அறையில் இருந்தன. அந்த வருடத்துப் பிறப்புப் புத்தகத்தை எடுத்தேன். அவள் சொன்ன மாதத்தைப் பார்த்தேன், முன் மாதத்தையும் பின் மாதத்தையும் பார்த்தேன். இல்லை. இறந்து பிறந்தவர்களுக்குத் தனிப் பதிவு உண்டு என்று எனக்குத் தெரியும். சித்தூர் ஊருக்கு அதற்குத் தனியாக மெல்லிசுப் புத்தகம் இருந்தது. புத்தூருக்கு அப்படி ஒன்று அலமாரியில் இல்லை. இல்லையென்றால் இல்லைதானே?

“எழுதுனாங்கம்மா,” என்றாள் சரோஜா. “வூட்டுக்கு அனுப்புற அன்னிக்கு நான் பெஞ்சு மேல ஒக்காந்துக்கினு பாத்தேன். புக்கு எடுத்தாந்த ஆளு அத்தத் தலகீழாத் திருப்பிப் போட்டு எழுதுனாரு. எங்க வூட்டுக்காரரு கிட்ட நின்னுக்கினு இருந்தாரு.”

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். “கவர்மெண்டு புக்க யாராச்சும் தலகீழா எழுதுவாங்களாக்கா? மயக்கத்துல பாத்திருப்பீங்க.”

நான் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தேன். படிவம் தெலுங்கில் இருந்தது. அவளுக்கோ தமிழே படிக்கத் தெரியாது.

“இதுல இன்னா எழுதிக் கீது?”

“பதிவு இல்லன்னு.”

“அப்ப, பொறக்கவே இல்லன்னா?”

அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் ஆயின, புரமோஷன் கூட ஆயிற்று. பதிவறையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் எடுத்தேன். எந்த வருடம், எந்த ஊர் என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு அலமாரிக்குப் போவேன். அந்தப் பெருமையில் எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கும் என்ற நினைப்பே போய்விட்டது. உங்களில் கெட்டிக்காரர்கள் யாராவது இருந்தால் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

பிறகு மாவட்டம் பிரிந்தது. புத்தூர் திருப்பதியோடு போயிற்று, நகரி சித்தூரோடு நின்றது. புத்தூர்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் பதிவாகத் திருப்பதிக்கு அனுப்புவது, காகிதத்தைக் கழித்துவிடுவது என்று முடிவானது. ஸ்கேன் செய்யக் கான்ட்ராக்ட் ஆட்கள் வந்தார்கள். “எழுதாத பக்கத்தையும் ஸ்கேன் பண்ணணுமா மேடம்?” என்று கேட்டார்கள். நான்தான், “வெத்துப் பக்கம் எதுக்கு? வெத்துப் பக்கம் வந்தா புக்கு முடிஞ்சிது, அடுத்ததை எடுங்க,” என்று சொன்னேன். எனக்கு ரிட்டயராக நான்கு மாதம் இருந்தது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நினைத்தேன்.

வேலை முடிந்தது. புத்தகங்களைக் கோணிப்பையில் கட்டி வராண்டாவில் அடுக்கினார்கள். எல்லாப் பக்கமும் ஸ்கேன் ஆகிவிட்டது, இனி இந்தக் காகிதம் தேவையில்லை என்று ஒரு பட்டியலில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டதும் லாரி ஏற்றிப் பேப்பர் மில்லுக்கு.

கையெழுத்துப் போட வேண்டிய அன்று காலையில், முதல் ஆளாக சரோஜா வந்தாள்.

எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. கூட அவள் மகள், கவிதா என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று வெளியே அப்பா இடுப்பில் இருந்த குழந்தை அவள்தான். இப்போது நகரியில் பள்ளிக்கூட டீச்சர். அவள்தான் விஷயத்தைச் சொன்னாள்.

“நைனா போயி ஒரு வருசம் ஆச்சி மேடம். வருச திதிக்கு சொந்தக்காரங்க எல்லாம் வந்தப்ப, நம்ம வம்சாவளிய ஒரு சார்ட்ல எழுதி மாட்டலாம்னு ஒக்காந்தேன். நைனா பேரு, அம்மா பேரு, அதுக்குக் கீழ மூத்த மக கவிதான்னு எழுதினேன். அம்மா ஸ்கெட்ச் பேனாவப் புடுங்கிட்டாங்க. நீ மூத்தவ இல்லடின்னாங்க. எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.”

சரோஜா இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். அதற்குள் மடித்த காகிதம். பிரித்து என் மேஜையில் வைத்தாள்.

“இது உன் கையெழுத்தான்னு பாரு.”

என் கையெழுத்துதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுழித்துச் சுழித்துப் போடுவேன். அந்தச் சுழி என்னைப் பார்த்தது.

“நான் அன்னிக்கே சொன்னேன், தலகீழாத் திருப்பி எழுதுனாருன்னு,” என்றாள். “நீ சிரிச்ச.”

அவள் குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னாள். அவ்வளவுதான். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. கம்ப்யூட்டரைத் திறந்து தேடுகிறேன் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். கம்ப்யூட்டரில் என்ன இருக்கும்? வெற்றுப் பக்கம் வரைதான் இருக்கும். அதை அப்படி வைக்கச் சொன்னதே நான்தானே? வெற்றுப் பக்கத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

எழுந்து வராண்டாவுக்குப் போய்க் கோணிகளை அவிழ்க்க ஆரம்பித்தேன். கவிதா கேட்காமலே வந்து மறுபக்கம் உட்கார்ந்து அவிழ்த்தாள். இரண்டு பேரும் தும்மிக்கொண்டே தேடினோம்.

எங்கள் அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், வேலை முடிய வேண்டும் என்ற அவசரம் மட்டும் அதிகம். நாங்கள் தெலுங்கில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

“என்ன மேடம் இது? லாரி வாசலில் நிற்கிறது. கையெழுத்துப் போடுங்கள்.”

“ஒரு புத்தகம் பார்க்க வேண்டும் சார்.”

“எல்லாம் ஸ்கேன் ஆகிவிட்டதே?”

“ஆகவில்லை என்று நினைக்கிறேன்.”

அதற்குள் கவிதா, “மேடம், இந்த வருசமா?” என்று ஒரு புத்தகத்தைத் தூக்கினாள். வாங்கினேன். பின்னட்டை மேலே வரும்படி கவிழ்த்தேன். மேல் கீழாகச் சுற்றினேன். திறந்தேன்.

முழுப் பக்கமும் எழுத்து. பத்தி பிரித்து, கோடு போட்டு, அழகான தெலுங்குக் கையெழுத்து. தனிப் புத்தகம் கிடைக்காத ஊரில், அந்த எழுத்தர் பிறப்புப் புத்தகத்தையே கடைசியிலிருந்து திருப்பி, உயிரில்லாமல் பிறந்தவர்களை எழுதி வந்திருக்கிறார். முன்னாலிருந்து உயிருள்ளவர்கள் வந்தார்கள், பின்னாலிருந்து இவர்கள் வந்தார்கள். நடுவில் கொஞ்சம் வெற்றுப் பக்கம். அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்துத்தான் நான் முப்பது வருடத்துக்கு மேலாகப் புத்தகத்தை மூடியிருக்கிறேன். இன்னொரு வருடத்துப் புத்தகத்தைத் திருப்பினேன். அதிலும் இருந்தது. இன்னொன்று. அதிலும் இருந்தது.

“சார், இந்தப் பட்டியலில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்,” என்றேன்.

அவர் புத்தகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. ஆனாலும் சொன்னார்: “மேடம், இவற்றுக்கு நாம் சான்றிதழ் கொடுப்பதில்லை. ரேஷன் கார்டா, பள்ளிக்கூடமா, சொத்தா, எதற்கும் தேவைப்படாது. யார் வந்து கேட்கப் போகிறார்கள்?”

“அதோ, என் நாற்காலி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே அந்த அம்மா, அவர் கேட்கிறார். ரெண்டாம் தடவையாகக் கேட்கிறார். முதல் தடவை நான் இல்லை என்று சொன்னேன். இப்போது இந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டால் எல்லாருக்கும் சேர்த்து இல்லை என்று சொன்னதாக ஆகும்.”

“மேலே என்ன பதில் சொல்வேன்?”

“பதிவறைக்காரி அடம் பிடிக்கிறாள் என்று எழுதுங்கள். நான் மறுக்க மாட்டேன்.”

அவர் உள்ளே போய்விட்டார். ரிட்டயராகப் போகிறவள் என்பதால் வந்த தைரியம் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். இருக்கட்டும். பென்ஷன் நிற்குமோ என்று எனக்கும் பயம்தான். தைரியம் வருகிற வரைக்கும் காத்திருந்தால் லாரி போய்விடும். பயந்துகொண்டே சொன்னாலும் ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்கு அதே அர்த்தம்தான்.

புத்தகத்தை என் மேஜைக்குக் கொண்டு போனேன். படிப்பதற்கு முன்னால் சரோஜாவிடம், “எல்லாரும் இருக்காங்க, தனியா உள்ள வரீங்களாக்கா?” என்று கேட்டேன். இதை நீங்களும் கேளுங்கள். கேட்காமல் சத்தமாகப் படிக்காதீர்கள்.

“இன்னாத்துக்குத் தனியா? இத்தினி வருசமா தனியாத்தான் இருந்தேன். இங்கியே படி.”

விரலை வைத்து வரி வரியாக இறங்கினேன். நகரி. தகப்பன் பெயர் சரியாக இருந்தது. தாய் பெயர் சரியாக இருந்தது. “ஸ்த்ரீன்னு எழுதிக் கீதுக்கா,” என்றேன். அலுவலகத் தமிழ் எனக்கு அந்த நேரத்தில் வரவில்லை. “பொண்ணு.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நான் அடுத்த பத்திக்குப் போனேன். தகவல் சொன்னவர் கையெழுத்து. பக்கம் முழுக்கத் தெலுங்கு, அந்த ஒரு கட்டத்தில் மட்டும் தமிழ் எழுத்து. கோணல் மாணலாக, அழுத்தி எழுதியது. அவளிடம் அதைக் காட்டலாமா என்று ஒரு நிமிடம் தயங்கினேன். காட்டாமல் விட்டால், நல்லதுக்குத்தான் என்று வாயை மூடிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினேன்.

சரோஜாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கையெழுத்து தெரியும். கூலி வாங்கும் நோட்டில் வாரா வாரம் பார்த்தது.

“இது அவரு போட்டது,” என்றாள். விரலால் அதன்மேல் தடவினாள். “அப்ப அவருக்குத் தெரியும்.”

கவிதா, “அம்மா...” என்றாள்.

“பொண்ணுன்னு சொல்லி எழுத வெச்சிக் கீறாரு. வூட்டுக்கு வந்து பாக்கலன்னுட்டாரு. முப்பது வருசத்துக்கு மேல எதுத்தாப்புல தறில ஒக்காந்துக்கினு இருந்தாரே, ஒரு வார்த்த சொன்னாரா? பாவி மனுசன்.”

“நைனாவப் பெத்த ஆயா சொல்ல வாணாம்னு சத்தியம் வாங்கியிருக்கும்மா. தெரிஞ்சா நீ பேரு வெச்சிடுவன்னு பயந்திருப்பாங்க.”

“வெச்சா இன்னா? வெப்பேன். நான் எப்பவோ வெச்சிட்டேன்.” சரோஜாவின் குரல் உயர்ந்தது. டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். “ஆணா பொண்ணான்னு தெரியாம ரெண்டு பேரு வெச்சேன்டி. ஆணுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு. சாமி கும்புடும்போது ரெண்டையும் சொல்லுவேன். எது இல்லாத புள்ளன்னு தெரியாம ரெண்டையும் சுமந்துக்கினு கெடந்தேன். இன்னிக்குத்தான் ஒண்ண எறக்கி வெக்கிறேன்.”

நான் அழுதேன். பதிவறையில் அழக் கூடாது என்று விதி ஏதாவது இருந்தால், அதையும் மீறினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் கொடுக்க வழி இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் அந்தப் பதிவை அப்படியே தமிழில் எழுதினேன். முத்திரை இல்லை. என் பெயரும் கையெழுத்தும் மட்டும். கவிதா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். அந்தக் குழந்தையின் பெயர் என்ன என்று இங்கே எழுத மாட்டேன். நகரியில் ஒரு வீட்டுச் சுவரில், சார்ட்டில், கவிதாவின் பெயருக்கு முன்னால் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அந்த வீட்டுக்காரர்கள்.

மெமோ வந்தது. கழிக்க வேண்டிய ஆவணங்களைப் பிரித்துப் பணியைத் தாமதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். “புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன்” என்று ஒரே வரி எழுதினேன். ரிட்டயராகும் வரை புத்தூர்ப் புத்தகங்களைத் திருப்பித் திருப்பிப் பட்டியல் எடுத்து, பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வைத்தேன். பென்ஷன் நிற்கவில்லை. பிரிவு உபசாரத்தில் எனக்கு மாலை போட யாரை அனுப்புவது என்று கொஞ்ச நேரம் குசுகுசுத்தார்கள். கடைசியில் அந்த அதிகாரியே போட்டார். காகிதம் மில்லுக்குப் போகவில்லை. திருப்பதிக்குத்தான் வந்தது. உங்கள் அறையில், ஜன்னலோரத்து இரும்பு ராக்கில் இருக்கிறது. யாராவது இடத்தை அடைக்கிறது என்று சொன்னால், நீங்களும் அடம் பிடியுங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று சரோஜா கிளம்பும்போது, மேஜையில் கிடந்த என் பழைய படிவத்தை எடுத்துக் கிழிக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

“கிழிக்காத. எனக்கு இது இனிமே வாணாம். நீ வெச்சிக்கோ. உனுக்குத்தான் மறந்துபூடும்.”

வைத்திருந்தேன். இத்துடன் பின் பண்ணி அனுப்பியிருக்கிறேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரியுங்கள். முத்திரை வைத்திருக்கும் மேஜைக்கு மேலே, உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகத் தெரிகிற மாதிரி ஒட்டுங்கள். அவள் பெயரை நான் மறைத்துவிட்டேன், என் பெயரை மறைக்க வேண்டாம். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அதைப் பாருங்கள். எதிரில் நிற்கும் பெண், “அப்ப, பொறக்கவே இல்லன்னா?” என்று கேட்டால் அவள் முகத்தைப் பார்த்து உங்களால் பதில் சொல்ல முடியுமா? முடியாதென்றால் பேனாவை மூடிவிட்டு, எழுந்து போய், புத்தகத்தைத் திருப்புங்கள்.